சிலிண்டர் வாங்கும் முன் சுமையைப் பாருங்கள்

பிசான அறுவடை தொடங்கிவிட்டால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் அறுவடை மெஷின்களுக்கு ஓய்வே கிடையாது. அந்த நேரத்தில் ஹைட்ராலிக் சிலிண்டர் போய்விட்டால், “பழைய சைஸிலேயே ஒண்ணு வாங்கிட்டு வா தம்பி” என்றுதான் உரிமையாளர் விரட்டுவார். பேட்டை ஐ.டி.ஐ. முடித்து ஒர்க்‌ஷாப்பில் சேரும் இளைஞர்களே, கடைக்கு ஓடும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். எவ்வளவு எடை? எவ்வளவு தூரம் தள்ள வேண்டும்? ராடு எதன் பலத்தில் திரும்பி வருகிறது?

வகையைத் தீர்மானிப்பது மூன்றாவது கேள்விதான். கதிர் அறுக்கும் முன்பகுதியைத் தூக்கத்தான் எண்ணெய் அழுத்தம் தேவை. இறங்க அதன் எடையே போதும். அங்கே சிங்கிள் ஆக்டிங். டிராக்டரின் பின்பக்க லிஃப்டும் அப்படித்தான். ஜேசிபியின் கை அள்ளவும் விரியவும் பலம் கேட்கும். அதற்கு டபுள் ஆக்டிங். தானாக இறங்கும் சுமைக்கு டபுள் ஆக்டிங் போட்டால், ஒரு ஹோஸும் ஒழுகுவதற்கு இன்னும் சில இடங்களும்தான் மிச்சம்.

பலரும் சறுக்குவது கணக்கில். 80 மி.மீ. போர், 45 மி.மீ. ராடு, 160 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். தள்ளும்போது சுமார் 8.2 டன் கிடைக்கும். இழுக்கும்போது ராடு அடைத்துக்கொண்ட இடம் போக 5.6 டன்தான். இழுக்கிற வேலைக்குத் தள்ளும் கணக்கைப் போட்டு வாங்கினால் மெஷின் பாதியில் திணறும். உராய்வில் கொஞ்சம் போகும் என்பதால் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே எடுங்கள். ராடு நீளமாக வெளியே வருகிற வேலையா? அது வளையாத அளவுக்குத் தடிமனும் வேண்டும்.

ஜல்லி டிப்பருக்கும் ட்ரெய்லருக்கும் டெலஸ்கோபிக். சிறிய இடத்தில் மடங்கி, அடுக்கடுக்காக நீளும். பெரிய குழாய் முதலில் நகர்வதால், பாரம் முழுசாக இருக்கும் தொடக்கத்தில்தான் பலமும் அதிகம். கொட்டக் கொட்டப் பாரம் குறையும், சின்னக் குழாய்கள் மேலே வரும். ஆனால் பக்கவாட்டுச் சுமையை இது தாங்காது. குவாரிச் சரிவில் வண்டியைச் சாய்வாக நிறுத்திக் கொட்டினால், எந்தக் கம்பெனி சிலிண்டரும் வளைந்துவிடும். தூக்கிய தொட்டிக்கு முட்டு கொடுக்காமல் அடியில் குனியவே கூடாது. உங்கள் முதலாளியே அவசரப்படுத்தினாலும் சரி.

கங்கைகொண்டான் சிப்காட் போன்ற இடங்களில் ஆலைக்குள் ஒரே இடத்தில் நின்று ஓடும் பிரஸ்ஸுக்கு டை-ராடு வகை வசதி. நான்கு போல்ட்டைக் கழற்றி சீல் மாற்றிவிடலாம். சேற்றிலும் தூசியிலும் அடிபடும் வண்டிக்கு வெல்டிங் பாடிதான் தாங்கும்.

சில சமயம் புது சிலிண்டரே தேவைப்படாது. இன்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டு, ராடைத் துடைத்து நகத்தால் மெல்ல வருடுங்கள். நகம் எங்காவது தட்டினால் குரோம் கீறிவிட்டது என்று அர்த்தம். புது சீல் கிட் போட்டாலும் சில நாளில் மறுபடி கிழியும். முதலில் ராடைச் சரிசெய்ய வேண்டும். ஒழுகும் இடத்தைக் கையால் தேடவே தேடாதீர்கள். ஊசி போலப் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

கடைச் சீட்டில் போர், ராடு, ஸ்ட்ரோக், அழுத்தம், மூடிய நிலையில் பின் முதல் பின் வரை நீளம் எல்லாம் எழுதுங்கள். போர்ட் மரை பி.எஸ்.பி.யா மெட்ரிக்கா என்று சந்தேகமிருந்தால் பழைய ஹோஸ் முனையையே கையோடு கொண்டுபோங்கள்.