வருணனை எழுதக் கற்பிக்கும் கருவிகள்

செடியைக் கண்டால் அதன் இலை, காம்பு, பூ ஆகியவற்றைக் கண்டவாறே எழுதி வைப்பது தாவர இயல் மாணவர்களாகிய எங்கள் அன்றாட வேலை. அதுவும் வருணனைதானே! நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புச் சிறுவர்களுக்குப் படம் காட்டும் கருவி வாங்கலாமா என்ற பேச்சு எழுந்திருப்பதால், இத்துறை ஆராய்ச்சிகளைச் சிறிது படித்துப் பார்த்தேன்.

படங்காட்டிச் சொல் கற்பிப்பது புதிதன்று. 1658-லேயே கொமேனியஸ் என்னும் அறிஞர் சிறுவர்க்குப் படப் பாடநூல் வெளியிட்டார். இன்றோ படவரிசை, காணொளி, இன்ஸ்டாகிராம் எனக் கருவிகள் பெருகிவிட்டன. இந்தோனேசியப் பள்ளிகளின் ஆங்கிலப் பாடத்தில் வருணனைக்குத் தனியிடம் உண்டு. ஆகவே அங்கே இத்தகைய ஆய்வுகள் ஏராளம். பல ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு வகுப்பு, ஒரு கருவி, சில வாரங்கள். முடிவில் மதிப்பெண் ஏறியது. ஏறியது கருவியாலா, அத்தனை வாரம் எழுதிப் பழகியதாலா? உரமிடாத தொட்டி ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் உரத்தின் பயனை நாங்கள் சொல்ல முடியுமா?

1983-இல் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் இதைக் கடுமையாகவே கூறினார். மளிகைச் சாமான் ஏற்றிவரும் வண்டி உடலுக்கு ஊட்டம் தருவதில்லை. கருவியும் அத்தகையதே என்றார். ஒவ்வொரு கருவிக்கும் தனித் திறன் உண்டென்று 1991-இல் ராபர்ட் கோஸ்மா வாதிட்டார். என் மனம் கிளார்க் பக்கமே சாய்கிறது. ஆயினும் ஒரு மொட்டு மலர்வதைச் சில விநாடிகளில் காட்டக் காணொளியன்றி வேறு எதனால் இயலும்?

என்னை மிகவும் கவர்ந்தவர் ஜார்ஜ் ஹில்லாக்ஸ். எழுத்துப் பயிற்சி பற்றிய பல சோதனைகளை ஒருங்கே கணக்கிட்டு 1986-இல் நூலாக வெளியிட்டார். நல்ல கட்டுரைகளை மாதிரி காட்டுவதைவிட, பொருளை நோக்கி ஆராயப் பழக்குவதே மிகுந்த பயன் தந்ததாம். அவர் கையாண்ட பயிற்சி ஒன்று: மாணவனிடம் ஒரு கிளிஞ்சலைக் கொடுப்பார். அவன் எழுதியதைப் படித்தே, குவியலிலிருந்து அதே கிளிஞ்சலைப் பிறர் எடுக்கவேண்டும். "அழகிய கிளிஞ்சல்" என்றெழுதினால் யார் எடுப்பார்? ஓரத்தில் உடைந்த இடத்தையும் உள்ளே ஓடும் பழுப்புக் கோட்டையும் சொல்லியாகவேண்டும். பார்வையும் கூர்மையாகும், சொல்லும் தேவைப்படும்.

நம் சிறுவர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டுக்கு வெளியே இந்தியே பேசும் அவர்களுக்கு நெற்று, தோடு, காம்பு என்பவை கேள்விப்படாத சொற்கள். கையில் பொருளை வைத்துக்கொண்டு, "இதற்குத் தமிழில் என்ன அண்ணா?" என்று அவர்களே கேட்கும்போது சொல்லிக் கொடுத்தால் மறக்கமாட்டார்கள். படத்தில் நெற்றின் கனமும் தெரியாது. குலுக்கினால் எழும் ஓசையும் கேளாது.

நம் விடுதி வாயிலில் கொன்றை நெற்றுகள் உதிர்ந்து கிடக்கின்றன. வரும் ஞாயிறன்று இருபது பொறுக்கி வருகிறேன். கருவிக்கான பணத்தைப் பற்றிச் செயற்குழு அதன் பின்னர் முடிவு செய்யட்டும்.