நாணயத்தின் நாணயம்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. சென்ற ஆண்டு தொரப்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்த ஓர் ஐந்து ரூபாய்க் காசு, அவ்விரண்டையும் சேர்த்தே எனக்குக் கற்பித்தது.

ஓசூர்ச் சந்தையில் கீரை விற்கும் என் தாயாருக்குச் சில்லறையோடு சில்லறையாக அது வந்தது. அதன் சிங்கத்தலைப் பக்கத்தில் 5 என்ற எண், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிக் குழிந்து பதிந்திருந்தது. அச்சுப் பிழையுள்ள காசுக்கு இலட்சக்கணக்கில் விலை என்று கைபேசியில் யாரோ பேசக் கேட்டிருந்த அம்மா, அதில் சொன்ன எண்ணுடன் தொடர்பு கொண்டார். மறுமுனையில் பேசியவர் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பதிவுக் கட்டணமாக முதலில் 2,000 ரூபாய் அனுப்பச் சொன்னார். வீட்டில் இருந்த 2,000 என் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்தது. "அனுப்பிடலாமா?" என்றார் அம்மா. "ஒரு நாள் பொறும்மா" என்றேன். அந்த ஒரு நாளில் தொடங்கிய ஆராய்ச்சியே இக்கட்டுரை.

காசு எவ்வாறு பிறக்கிறது என்று அறிந்தால்தான் பிறவிக் குறை எது, பின்னால் பட்ட காயம் எது என்று பிரிக்க முடியும். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நம் அரசு நாணயச்சாலைகள் உள்ளன. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, விளிம்பை உயர்த்தி, சூடேற்றி இளக்கி, மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு இடையே, சுற்றிலும் ஒரு வளையத்துக்குள் வைத்து அடிக்கிறார்கள். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாகிறது. இந்த ஒரு விதியே பாதி வேலையைச் செய்துவிடும்.

1. கோடு: அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அதனுள் புகும்; ஆகவே காசில் மேடான கோடு தோன்றும். குழிந்த கோடு பெரும்பாலும் பிற்காலக் கீறலே.

2. வெட்டு: தகட்டில் முன்பே வெட்டிய துளையின் மேல் மறுபடியும் வெட்டினால், வில்லை பிறைபோல் குறையும். அத்தகைய காசில், குறைக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் மங்கலாக இருப்பது வழக்கம். அரத்தால் தேய்த்த காசில் எதிர் விளிம்பு நன்றாகவே இருக்கும். எழுத்துகளும் வெடுக்கென்று அறுபட்டிருக்கும்.

3. திசை: நம் காசைப் புத்தகத் தாள்போல் இடவலமாகத் திருப்பினால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். தலைகீழாக நின்றால் அச்சு திரும்பியிருந்தது என்று பொருள். இது உண்மைப் பிழை.

4. நிறம்: எஃகுக் காசுக்குச் செம்பு பூசி ஏமாற்றுவோர் உண்டு. 83 விழுக்காடு இரும்பும் 17 விழுக்காடு குரோமியமும் கொண்ட எஃகுக் காசைக் காந்தம் இழுக்கும். செம்பு நிக்கல் காசை இழுக்காது.

ஆண்டுக்குக் கீழே உள்ள வைரக் குறி மும்பையையும், நட்சத்திரம் ஐதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் காட்டும். கொல்கத்தாவுக்குக் குறி இல்லை. இவை பிழைகள் அல்ல.

இனி எங்கள் காசு. ஆசிரியரின் அனுமதியோடு வேதியியல் ஆய்வகத் தராசில் நிறுத்தேன். அக்காலச் செம்பு நிக்கல் ஐந்து ரூபாயின் எடை 9 கிராம். இதுவும் ஏறக்குறைய அதுவே. மனம் குதித்தது. ஆனால் உருப்பெருக்கியில் நோக்கியபோது, குழிந்த எண்ணுக்கு அடியில் சிங்கங்கள் நசுங்கிய நிலையில் இருந்தன. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் தன் முகத்தைப் பதிப்பதுதான் உண்மையான கண்ணாடிப் பிழை. அவ்வாறு முழுமையாகப் பதிந்திருந்தால் அந்தப் பக்கத்தில் சிங்கத்துக்கே இடமிராது.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஓசூரில் ஒரு பிரஸ் பட்டறையில் வேலை செய்கிறார். காசை விரலால் தடவிவிட்டு, "ரெண்டு காசை ஒண்ணா வச்சு வைஸ்ல இறுக்கியிருக்காங்கம்மா. பின்னாடி பாரு, வைஸோட பல்லுத் தடம்" என்றார். திருப்பிப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். எடை குறையாததன் காரணமும் விளங்கியது: நசுக்கினால் உலோகம் இடம் மாறுமே தவிரக் குறையாது. எந்த ஒரு சோதனையையும் தனியே நம்பலாகாது என்பதை அன்று உணர்ந்தேன்.

பழைய காசு வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை, அதற்குக் கட்டணம் கேட்பதுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துள்ளது. காசை உருக்குவதும் அழிப்பதும் 2011 ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். உண்மைப் பிழைக் காசுக்குச் சேகரிப்போரிடம் மதிப்பு உண்டு. ஆனால் வாங்குபவர் காசைக் கையில் வாங்கிப் பார்த்துப் பணம் கொடுப்பார், நம்மிடம் பணம் கேட்க மாட்டார்.

அம்மாவின் முகம் சற்று வாடியது உண்மை. மறுநாள் தேர்வுக் கட்டணத்தைக் கட்டினேன். அக்காசு இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. காண விரும்பும் நண்பர்கள் கேட்கலாம், கட்டணம் இல்லை.