தேஷிமாவின் வியாபாரம்

கேள்வி: அந்நியருக்குக் கதவடைத்த ஜப்பான், ஐரோப்பியரில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் இடம் கொடுத்ததன் காரணம் என்ன? கைமாறிய சரக்குகள் யாவை?

பதில்: மதப் பிரசாரத்தில் நாட்டமின்றி லாபம் ஒன்றையே லட்சியமாகக் கொண்டவர்கள் என்பதே பிரதான காரணம். அதோடு, ஷிமபராவில் கிறிஸ்தவக் குடியானவர்கள் கிளர்ச்சி செய்தபோது, 1638-இல், ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனுக்காகத் தங்கள் பீரங்கிகளை முழங்கவைத்து விசுவாசத்தையும் நிரூபித்துக் காட்டினார்கள். (லாபத்துக்குக் குறுக்கே சக கிறிஸ்தவர் என்ற எண்ணம் நிற்கவில்லை போலும்!) போர்ச்சுகீசியர் 1639-இல் வெளியேற்றப்பட்டபின், 1641 முதல், நாகசாகித் துறைமுகத்தில் செயற்கையாக அமைக்கப்பட்ட தேஷிமா என்னும் சிறு தீவில், ஏறக்குறையச் சிறைவாசிகளாகவே இருந்துகொண்டு, இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வர்த்தகம் நடத்தினார்கள்.

இதில் விசேஷம் யாதெனில், ஐரோப்பியச் சரக்குக்கு அங்கே பெரிய கிராக்கி இருக்கவில்லை. சீனப் பட்டு, இந்தியத் துணி, சர்க்கரை, மான்தோல் என்று ஆசியப் பண்டங்களையே கொண்டுபோய்க் கொட்டி, பிரதியாக வெள்ளியை அள்ளினார்கள். 1668-இல் வெள்ளி ஏற்றுமதி தடுக்கப்படவே, தாமிரம் அதன் ஸ்தானத்தைப் பெற்றது. அந்தத் தாமிரத்தில் ஒரு பகுதி நம் சோழமண்டலக் கரைக்கே வந்து விலைபோயிற்று. இங்கு வாங்கிய துணிகளோ கீழ்த்திசைச் சந்தைகளுக்குக் கப்பலேறின. உலோகம் இவ்வாறு வெளியே ஒழுகுவதைக் கண்டு அஞ்சிய ஜப்பானிய அரசாங்கம், 1715-இல், டச்சுக்காரர்களுக்கு ஆண்டுக்கு இரண்டே கப்பல்கள் என்று வரம்பு கட்டிவிட்டது.