என்லார்ஜர் லென்ஸைக் கேமராவில் மாட்டப் போகிறவர்களுக்கு

பரணில் தூசி படிந்து கிடக்கும் என்லார்ஜரை இறக்கி, அதன் அடியில் இருக்கும் சின்ன லென்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு, "இதை என் மிரர்லெஸ் கேமராவில் மாட்டலாமா?" என்று கேட்டு வரும் பிள்ளைகள் இப்போது அதிகம். மாட்டலாம், தாராளமாக. இருட்டறையில் புரோமைடு பேப்பரோடு காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் எந்த லென்ஸ் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் இருக்கிற காலி இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. படம் தேறுவதும் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

1. அந்த லென்ஸின் பிழைப்பு என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேலே நெகட்டிவ், கீழே பேப்பர், இரண்டும் தட்டை. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கூர்மை வேண்டும், நேர்கோடு வளையக் கூடாது. அதற்காகவே கடைந்தெடுத்த லென்ஸ் இது. கேமராவில் மாட்டியதும் நெகட்டிவ் இருந்த இடத்துக்குச் சென்சார் வந்துவிடுகிறது. பேப்பர் இருந்த இடத்தில் நீங்கள் படமெடுக்கும் பொருள். 50 மி.மீ. எஃப் 2.8 எல்-நிக்கோரை 2 முதல் 20 மடங்கு வரை பெரிதாக்குவதற்காக, 8 மடங்கை மையமாக வைத்து நிக்கான் வடிவமைத்தது. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ.; அதை 8 மடங்காக்கினால் 288. ஏ4 தாளைப் படுக்கை வசத்தில் வைத்த அளவு. பழைய பத்திரம், நாணயங்களை அடுக்கிய தட்டு, அழுத்தி உலர்த்திய இலை, புடவை ஜரிகை, இவைதான் இந்த லென்ஸுக்குச் சொந்த ஊர். கல்யாண வீட்டில் ஓடியாடி எடுக்க இது சரிப்படாது.

2. பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். ரோடன்ஸ்டாக்கில் ரோடகான் ஆறு கண்ணாடி, ரோகோனார் மூன்றே மூன்று, ரோகோனார்-எஸ் நான்கு. ஷ்னைடரில் காம்போனான் ஆறு, காம்பரான் நான்கு, காம்போனார் மூன்று. விற்கிறவருக்கே பல நேரம் இந்த வித்தியாசம் தெரியாது. மூன்று கண்ணாடி லென்ஸ் நடுவில் நன்றாக வரையும், ஓரத்தில் கைவிடும். பூ எடுக்கப் போதும், பத்திரம் எடுக்கப் போதாது. சோவியத் இண்டஸ்டார்-96யு நான்கு கண்ணாடி, வேகா-11யு ஐந்து. மலிவாகக் கிடைத்தால் கற்றுக்கொள்ள வேகா போதும்.

3. 50 மி.மீ. லென்ஸ் 35 மி.மீ. ஃபிலிமுக்கு, 80 மி.மீ. 6x6 நெகட்டிவுக்கு, 105 மி.மீ. 6x9-க்கு என்று கணக்கு. 80-ஐ வாங்கினால் அதன் பட வட்டத்தில் நடுப்பகுதி மட்டும்தான் உங்கள் சென்சாரில் விழும். ஓரத்துக் குறைகள் வெளியே போய்விடும். கண்ணாடி விழுந்தெழும் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் 75-க்குக் கீழே போக வேண்டாம். 50 மி.மீ. லென்ஸ் சென்சாருக்கு மிக அருகில் உட்கார வேண்டியது. நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மவுண்டே 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது, கெனானில் 44. பக்கத்தில் இருக்கும் பொருள் மட்டும் ஃபோகஸ் ஆகும். தூரத்துக் கோபுரம் ஆகாது.

4. வாங்குமுன் டார்ச். பின்பக்கம் பிடித்து முன்பக்கமாகப் பாருங்கள், அப்புறம் மாற்றிப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைத்து ஓடினால் பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது சகஜம், நான் தொடவே மாட்டேன். ஷ்னைடர் லென்ஸின் விளிம்போரம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தால் பயம் வேண்டாம். உள்விளிம்புக் கறுப்புப் பெயின்ட் உரிந்தது அது. படத்தில் தெரியாது, விலை குறைத்துக் கேட்க மட்டும் உதவும்.

5. மரை. பெரும்பாலான 50, 80 மி.மீ. லென்ஸ்களுக்கு எம்39 மரை, அங்குலத்துக்கு 26 சுற்று. பழைய லைக்கா கேமராவின் அதே மரை. சோவியத் லென்ஸ் பலவற்றில் 39 மி.மீ. அப்படியே, ஆனால் சுற்றுக்கு 1 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் மயிரிழைதான். ஒன்றிரண்டு சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகும். இறுகினால் நிறுத்திவிடுங்கள், பலம் காட்டினால் மரை தின்றுபோகும்.

6. இப்போது காலி இடத்துக்கு வருவோம். இந்த லென்ஸில் ஃபோகஸ் வளையம் கிடையாது. என்லார்ஜரில் அந்த வேலையைத் துருத்தி பார்த்துக்கொண்டது. உங்களுக்கு அந்த வேலைக்கு ஹெலிகாய்டு வேண்டும். திருகினால் நீளும், மறுபக்கம் திருகினால் சுருங்கும் உலோகக் குழாய் அது. எம்42 மரையில் 17–31 மி.மீ., 25–55, 36–90 என்று பல நீளத்தில் கிடைக்கிறது. எது வாங்குவது என்று அடுத்தவரைக் கேட்காதீர்கள், அளந்து பாருங்கள். பகலில் ஒரு அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் நில்லுங்கள். ஒரு கையில் வெள்ளை அட்டை, மறு கையில் லென்ஸ், அதன் முன்பக்கம் ஜன்னலைப் பார்த்தபடி. முன்னும் பின்னும் நகர்த்தினால் தெருக்கோடி மரம் அட்டையில் தலைகீழாக விழும். இலை பிரிந்து தெரிகிற இடத்தில் நிறுத்தி, மரை முடிந்து லென்ஸின் உடம்பு தொடங்கும் விளிம்பிலிருந்து அட்டை வரை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் சுலபம்.

44 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். சோனி மிரர்லெஸ்ஸில் மவுண்டிலிருந்து சென்சார் 18 மி.மீ. மீதி 26-ஐ நீங்கள் நிரப்ப வேண்டும். 1 மி.மீ. தடிமனுள்ள எம்42 அடாப்டர், 17–31 ஹெலிகாய்டு, எம்39-ஐ எம்42 ஆக்கும் மெல்லிய வளையம். ஹெலிகாய்டு 8 மி.மீ. நீண்டதும் தூரத்து மரம் ஃபோகஸ் ஆகிவிடும். இன்னும் 6 மி.மீ. கையில் இருக்கும். 6-ஐ 50-ஆல் வகுத்தால் 0.12, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. முதலில் சொன்ன அந்த 8 மடங்குக் கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். இன்னும் நெருங்க வேண்டுமா? 7, 14, 28 என்று மூன்று எக்ஸ்டென்ஷன் ட்யூப் சேர்ந்த செட் வரும். மூன்றையும் போட்டால் 49 மி.மீ. கூடும், தூரத்து மரத்துக்கு வைத்த அதே நிலையில் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. கேமரா வேறாக இருந்தால் 18-க்குப் பதில் ஃபூஜி எக்ஸ் 17.7, நிக்கான் இஸட் 16, கெனான் ஆர்எஃப் 20 என்று போட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.

7. அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். காம்போனான்-எஸ், பிற்கால ரோடகான், எல்-நிக்கோர் என், இவற்றில் அப்பெர்ச்சர் எண் இருட்டில் ஒளிரும். என்லார்ஜர் விளக்கின் வெளிச்சத்தையே ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு வழியாக எண்ணுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். இருட்டறையில் நமக்கு அது வரப்பிரசாதம். கேமராவில் மாட்டினால் அதே வழி திரும்பிக்கொள்ளும்: வெளி வெயில் எண் ஜன்னல் வழியே நுழைந்து நேரே சென்சாரில் விழும். படம் சோகை பிடித்த மாதிரி வெளுத்துப்போகும், லென்ஸே மட்டம் என்று விற்றுவிடுவார்கள். லென்ஸின் பின்புறம் கண்ணாடியைச் சுற்றிய வளையத்தில் அந்தச் சின்னப் பிளவைத் தேடுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் நகக்கண் அளவு வெட்டி ஒட்டினால் தீர்ந்தது.

8. மலிவான ட்யூபின் உட்புறம் கறுப்பாகத் தெரிந்தாலும் சாய்த்துப் பார்த்தால் பளபளக்கும். அந்தப் பளபளப்பு படத்தின் நடுவில் வெளிறிய திட்டாக வந்து நிற்கும். தையல் கடையில் கறுப்பு வெல்வெட் துண்டு வாங்கி உள்ளே ஒட்டுங்கள். நூல் பிரியாமல் ஓரத்தை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பஞ்சு சென்சாருக்குப் போகும். புது ட்யூபின் மரையில் கடைசல் துகள் இருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே கேமராவின் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

9. எஃப் 5.6, எஃப் 8. அவ்வளவுதான். இன்னும் மூடினால் எல்லாம் கூர்மையாகும் என்று நினைத்து 16-க்குப் போகிறவர்கள், நெருங்க நெருங்க அப்பெர்ச்சர் தானாகவே சுருங்குகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்றில் எஃப் 8 என்பது நடைமுறையில் எஃப் 16. முழுக்கத் திறந்து ஃபோகஸ் பார்த்து, மூடிய பிறகு திரையைப் பெரிதாக்கி இன்னொரு முறை சரிபாருங்கள்.

10. ஒன்றுக்கு ஒன்றைத் தாண்டினால் லென்ஸைத் திருப்பி மாட்டுங்கள். காரணம் எளிது: நெகட்டிவ் சிறியது, பேப்பர் பெரியது என்றே அதற்குப் பழக்கம். எறும்பின் தலையை எடுக்கும்போது பொருள் சிறியது, சென்சார் பெரியது. முன்பக்க ஃபில்டர் மரையில் ரிவர்ஸ் வளையம் போட்டால் போதும், 50 மி.மீ. எல்-நிக்கோர் என்-னுக்கு அது 40.5 மி.மீ.

11. கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழ அனுமதி கொடுங்கள். உடம்பிலேயே ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் 50 அல்லது 80 என்று நீங்களே எழுத வேண்டும், கேமராவுக்குத் தெரியாது. இன்னொன்று: பழைய உலோக உடம்பு எல்-நிக்கோர் 80 மி.மீ. எஃப் 5.6-ஐப் புற ஊதாப் படம் எடுக்கிறவர்கள் தேடி அலைகிறார்கள், அந்தக் கதிரை அது தாராளமாக உள்ளே விடுகிறது என்பதால். அதில் இறங்க வேறு கேமரா, வேறு ஃபில்டர் வேண்டும். இப்போதைக்கு வேண்டாம்.

12. வீட்டில் பழைய நெகட்டிவ் இருந்தால் முதலில் அதில் கை வையுங்கள். தாத்தா காலத்து 6x6 நெகட்டிவோ, ஊட்டியில் தயாரான 'இந்து' ஃபிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைச் சுருளோ, அதைக் காப்பி எடுக்க இந்த லென்ஸை மிஞ்ச ஆளில்லை. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 35 மி.மீ. நெகட்டிவ் ஒன்றுக்கு ஒன்று, ஏபிஎஸ்-சி என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அந்த வேலைக்கென்றே ஏபோ-ரோடகான்-டி 75 மி.மீ. எஃப் 4 என்று ஒன்று வந்தது. கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் சாதா ரோடகான் எஃப் 8-இல் போதும்.

லென்ஸைக் கழற்றியதோடு என்லார்ஜரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தலையைக் கழற்றிவிட்டு அந்தத் தூணில் கேமராவைத் தரையைப் பார்த்தபடி பொருத்துங்கள். இதைவிட ஆடாத ஸ்டாண்ட் கடையில் கிடைக்காது. கீழ்ப்பலகையில் நெகட்டிவ் வைக்கும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தட்டையாக வைத்துத் திரையைப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் இருந்தால் கேமராவும் பலகையும் இணை. ஒரு பக்கம் ஒதுங்கினால், பிம்பம் நடுவுக்கு வரும் வரை அட்டைத் துண்டு செருகிச் சரிசெய்யுங்கள். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு அடியில் சீரான வெள்ளை விளக்குப் பலகை, மேலே நெகட்டிவ். பளபளக்கும் பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும், மங்கல் பக்கம் விளக்கை. மாற்றி வைத்தால் இடவலம் புரண்டு, தாத்தாவின் சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும்.