சிவிலா, சுற்றுச்சூழலா? கலந்தாய்வுக்கு முன் அறிய வேண்டியவை



கட்டடம், பாலம், சாலை, அணை ஆகியவற்றை வடிவமைத்துக் கட்டுவது சிவில் பொறியியல். குடிநீரைத் தூய்மையாக்குவது, கழிவுநீரைச் சுத்திகரிப்பது, குப்பையைக் கையாள்வது, காற்று மாசைக் குறைப்பது ஆகியவை சுற்றுச்சூழல் பொறியியலின் வேலை. இரண்டாவது முதலாவதிலிருந்து கிளைத்தது. திருச்சி என்ஐடியில் அது இன்றும் சிவில் துறைக்குள் முதுநிலைப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது.

இரண்டும் எவ்வளவு நெருக்கமானவை என்பதைக் கள்ளக்குறிச்சியிலேயே காணலாம். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுக்தா ஆறுகளாக இறங்கி வெள்ளாற்றில் சேர்கிறது. வழியில் 46 அடி உயரம் வரை கோமுகி அணையிலும், 36 அடி வரை மணிமுக்தா அணையிலும் நீர் தேங்குகிறது. மலைச்சரிவில் மண் அரித்தால் அணையில் வண்டல் படியும், கொள்ளளவு குறையும், கடைமடை வயல் காயும். கீழே மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகளின் கழிவுநீரில் மாவுச்சத்து மிகுதி. அதை அப்படியே ஓடையில் விட்டால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். காற்றுப் புகாத தொட்டியில் சிதைத்தால் அதே கழிவு எரிவாயு தரும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டு அருகே அந்த ஆற்றின் மேல் கட்டப்பட்டு, திறந்து சில மாதங்களே ஆன பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வரக்கூடும் என்ற கணக்கும் பாலத்தின் அடித்தளத்தில் சேர்ந்ததுதான். நீரியலில் வலுவில்லாத சிவில் படிப்பு அரைப் படிப்பு.

இளநிலையில் சிவில் எடுத்து, முதுநிலையில் சுற்றுச்சூழலுக்குப் போவதே பெரும்பாலான மாணவர்களுக்கு ஏற்ற வழி. டிஎன்பிஎஸ்சி நடத்தும் உதவிப் பொறியாளர் தேர்வில் பொதுப்பணி, நெடுஞ்சாலை போன்ற துறைகளின் பணியிடங்கள் சிவில் பட்டத்தைக் கேட்கின்றன. பெயர் மாறிய பட்டங்களுக்கு, அவை சிவிலுக்கு இணையானவை என்ற அரசாணை தேவைப்படும். வேதியியலில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர் சுற்றுச்சூழல் பட்டத்தில் நேரடியாகச் சேரலாம். ஆனால் அந்தப் பட்டத்துக்கு இணை என்ற அரசாணை உண்டா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

கல்லூரியை அளக்கச் சில கேள்விகள் போதும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அனுமதி உண்டா? தேசிய அங்கீகார வாரியத்தின் (என்பிஏ) அங்கீகாரம் அந்தப் பாடப்பிரிவுக்கே உண்டா? அது கல்லூரி முழுமைக்கும் தரப்படுவதில்லை, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. மண் பரிசோதனை, நில அளவை, நீர்ப் பகுப்பாய்வு ஆகியவற்றை மாணவர்கள் தங்கள் கையாலேயே செய்கிறார்களா? இதற்கு இறுதியாண்டு மாணவர்களின் பதிலே நம்பத்தக்கது. பரிசீலிக்கத்தக்க கல்லூரிகளில், 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 2010இல் தமிழ்வழியிலும் சிவில் கற்பிக்கத் தொடங்கியது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே சேலம் அரசு பொறியியல் கல்லூரியும், கிழக்கே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

பொறியியல் கலந்தாய்வில் கட்ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்வராயன் மலையிலுள்ள பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். இந்த ஒதுக்கீட்டில் சேருபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பழங்குடியினர் சாதிச் சான்றைக் கோட்டாட்சியரே வழங்க வேண்டும். அதற்கு விசாரணை உண்டு, நாளாகும். சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகள் பிளஸ் 2 தேர்வு முடிவு வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.