விரியன் தீண்டிய பசு

எங்கள் செவலைப் பசு மாண்டபொழுது எனக்கு வயது 17. உயிர்வேதியியல் முதுகலை மாணவனாக ஆய்வகத்தில் நிற்கும் இந்நாளில், அன்று என் கண்முன் நிகழ்ந்தது இன்னதென்று ஒவ்வொன்றாக விளங்கி வருகின்றது. விளங்கியதை நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்லலாமென்று தோன்றியது. நம்முள் பலர் மாடு கட்டிய வீடுகளிலிருந்து வந்தவர்கள் அல்லரோ?

காரோடு என்னும் பெயரைக் கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலையின் பலகையில் சிலர் கண்டிருக்கலாம். அது நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பாறசாலைக்கு அண்மையில் உள்ளது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடுதான் நடுவில், இருபுறமும் ஒரே ரப்பர், ஒரே தென்னை, ஒரே மரச்சீனி. என் தந்தை தென்காசிப் பக்கத்திலிருந்து வைக்கோல் லாரியில் சுமை ஏற்றி இறக்க வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். வீட்டுப் பின்புறம் எப்பொழுதும் ஒரு வைக்கோற்போர் இருக்கும். போரில் எலி இருக்கும். எலி இருக்குமிடத்திற்கு யார் வருவார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு காலை, ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் புல் மேயக் கட்டியிருந்த செவலை மேய்ச்சலை விட்டுத் தலையைத் தொங்கவிட்டு நின்றது. அம்மா கூவினாள்: “ஏல, மாட்டு மூஞ்சியப் பாரு!” வாய்ப்புறம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. முள் குத்தியிருக்கும் என்றோம். பக்கத்து வீட்டார் வந்து பார்த்து, “அணலி” என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அந்தச் சொல் புரியவில்லை. அணலி என்பது மலையாளத்தில் கண்ணாடி விரியன். நண்பகலுக்குள் மூக்கிலிருந்து குருதி கசிந்து நிற்காமல் சொட்டிற்று. சிறுநீர் செந்நிறமாயிற்று. மடியில் கட்டியிருந்த பாலைக் கறந்தபோது அதுவும் சிவந்து வந்தது. அதைக் கண்டபிறகே அம்மா அழத் தொடங்கினாள்.

யாரோ பச்சிலை அரைத்துக் கொணர்ந்தார். மூங்கிற்குழாயால் அதைப் புகட்டினோம். பசு இருமிற்று. மருத்துவர் வந்தபோது பிற்பகல். மருந்து அவரிடம் கையிருப்பில் இல்லை. வெளியே கடையில் வாங்கி வரச் சொன்னார். தந்தை வாங்கி வருமுன் பசு சாய்ந்துவிட்டது.

“என்ன பாம்பு?” என்று மருத்துவர் கேட்டார். “விரியன்” என்றாள் அம்மா. இங்கே நம் மொழியே நம்மைச் சற்றே இடறச் செய்கின்றது. கண்ணாடி விரியனும் விரியன், கட்டுவிரியனும் விரியன். ஆனால் உயிரியலில் கட்டுவிரியன் நல்ல பாம்பின் உறவு. அவ்விரண்டின் நஞ்சும் நரம்பும் தசையும் கூடுமிடத்தைத் தாக்கும்: இமை சோரும், எச்சில் ஒழுகும், கால் தள்ளாடும், கடைசியில் மூச்சுத் தசை ஓயும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் குருதியைக் கெடுப்பவை. ஆகவே பெயரை மட்டும் சொல்வதைவிட, கண்ட குறிகளைச் சொல்வதே மருத்துவருக்குப் பயன்படும். சிவந்த பால் என்று அம்மா சொல்லியிருந்தால் பாம்பின் பெயரே தேவைப்பட்டிராது.

அந்தப் பால் ஏன் சிவந்தது? கண்ணாடி விரியனின் நஞ்சு குருதியை உறையவிடாமல் தடுப்பது என்றே நானும் எண்ணியிருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறாகத் தொடங்குகின்றது. அந்நஞ்சிலுள்ள நொதிகள் குருதியின் ஐந்தாம், பத்தாம் உறைகாரணிகளைத் தூண்டிவிடுகின்றன. நாளங்களுக்குள்ளே ஓயாமல் நுண்ணிய உறைவு நடக்கின்றது. அதற்கு வேண்டிய பைபிரினோஜன் என்னும் புரதம் சில மணி நேரத்தில் செலவாகித் தீர்ந்துவிடுகின்றது. கையிருப்பெல்லாம் ஒரே நாளில் செலவழித்த வீட்டைப்போல, பிறகு ஒரு சிறு கீறலுக்கும் கொடுக்க ஒன்றுமிராது. நாளச் சுவர்களையும் நஞ்சு அரிப்பதால் மூக்கு, மடி, சிறுநீரகம் எங்கும் கசியும்.

இதே நஞ்சை நான் மறுபடியும் சந்தித்தது ஒரு நோயறி ஆய்வகத்தில். குருதி உறைதலில் ஒருவகைக் கோளாற்றைக் கண்டறிய, மிக நீர்த்த கண்ணாடி விரியன் நஞ்சைக் குருதிநீரோடு கலந்து, உறைய எத்தனை நொடி ஆகின்றதென்று பார்க்கின்றார்கள். 1934-இலேயே லண்டனில் மக்பார்லேன், பர்னெட் என்னும் இருவர், குருதி நில்லாத நோயாளிகளின் காயத்தில் இந்நஞ்சைத் தடவிக் குருதிப்போக்கை நிறுத்திக் காட்டினர். குப்பியின் மேலிருந்த பெயரைப் படித்தபோது எனக்குக் கை சற்று நின்றுவிட்டது என்பதை ஒளிப்பானேன்?

நிற்க. கடித்தது குருதிநஞ்சா என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது குருதியெடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார் மருத்துவர். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கின்றது. குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். கண்ணாடிப் பரப்பே உறைதலைத் தொடங்கி வைப்பது. பிளாஸ்டிக்கில் நல்ல குருதியும் உறையாமல் ஏமாற்றலாம்.

இனி மருந்து. நச்சுமுறி மருந்து ஒன்றே உண்மை மருந்து. 1890-களில் பிரெஞ்சு அறிஞர் கால்மெட் வகுத்த வழியே இன்றும் நடக்கின்றது: குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கின்றனர். அதற்கான நஞ்சில் பெரும்பகுதி, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, சென்னைக்கருகே வடநெம்மேலியிலிருந்து செல்கின்றது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே குப்பி. மனிதனுக்கும் மாட்டுக்கும் அதே குப்பிதான். கால்நடையொன்று தன் குருதியால் தரும் மருந்து, வேறொரு கால்நடைக்கு வேண்டும்போது எட்டாமற் போவதை என்னென்பது!

கேரளத்தார்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ரப்பர்க் காடுகளில் முழமூக்கன் என்னும் குழிவிரியன் திரிகின்றது. இது கடித்து மனிதர் உயிருக்கே இடர் நேர்ந்த செய்தி 2007-இல் உறுதிப்பட்டது. அதன் நஞ்சை இந்நாட்டு நச்சுமுறி முறிப்பதில்லை.

எத்தனை குப்பி வேண்டும்? ஆட்டுக்குக் குறைவு, மாட்டுக்கு மிகுதி என்றே எவரும் சொல்வர். நானும் சொன்னேன், தவறு. மருந்து அளக்கப்படுவது கடிபட்ட உடலுக்காக அன்று, உள்ளே சென்ற நஞ்சுக்காக. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரி 63 மி.கி. நஞ்சு செலுத்துவதாக 1986-இல் பர்மிய ஆய்வாளர் அளந்தனர். 10 மி.லி. குப்பி ஒன்று அந்நஞ்சில் 6 மி.கி. அளவை முறிக்கும். ஆக முழுக் கடிக்குப் பத்துக் குப்பி. 300 கிலோ பசுவில் அந்த 63 மி.கி. கிலோவுக்கு 0.21 மி.கி. ஆகப் பரவும், 25 கிலோ ஆட்டில் கிலோவுக்கு 2.5 மி.கி. ஆகும். பசுவுக்குத் தன் பேருடலே ஒரு காப்பு. குறைந்த குப்பிகளோடு அது பிழைப்பதும் உண்டு. ஆட்டுக்கோ பசுவுக்குத் தேவையான அத்தனையும் வேண்டும். ஒரு குப்பியின் விலை சில நூறு ரூபாய். பத்துக் குப்பியைப் பெருக்கி ஆட்டின் சந்தை விலையோடு வைத்துப் பார்த்தால், ஏழை வீட்டில் ஆடு ஏன் மருந்தின்றி மடிகின்றது என்பது விளங்கும். அது அறியாமையால் மட்டும் நேர்வதன்று. கணக்கறிந்தவர்களும் அவ்வாறுதான் விட நேர்கின்றது.

மருந்து ஏறியபின்னும் குருதி உடனே உறையாது. செலவான புரதத்தைக் கல்லீரல் மறுபடி ஆக்க ஆறு மணி நேரமளவு ஆகும். ஆதலின் ஆறு மணி கழித்து மீண்டும் குழாய்ச் சோதனை செய்வர். காலில் கடித்தால் கயிற்றை இறுக்கிக் கட்டுவதும், கடிவாயைக் கீறுவதும் அந்த நேரத்தில் கேட்டையே கூட்டும். உறையாத குருதியுள்ள விலங்கைக் கீறுவது என்ன மருத்துவம்? வாய்வழி எதையும் புகட்டலாகாது என்பதும் அப்படியே. தொண்டை வீங்கியோ, விழுங்கும் தசை ஓய்ந்தோ இருக்கும் மாட்டுக்கு ஊற்றும் சாறு மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குச் செல்லும். அன்று எங்கள் பசு இருமியது அதனால்தான். குழாயைப் பிடித்திருந்தவன் நான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்த மனிதர் ஏறத்தாழ 12 இலட்சம் என்று மதிப்பிட்டுள்ளனர். நேபாளத்தின் தராய்ச் சமவெளியில் 2018-19-இல் வீடுவீடாகக் கணக்கெடுத்தவர்கள், மனிதரோடு மாடு, ஆடு, கோழியையும் சேர்த்து விசாரித்தனர். கடிபட்ட விலங்குகளுள் பெரும்பாலானவை மாண்டிருந்தன. இருவரையும் ஒரே கேள்வித்தாளில் வைத்த அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கின்றது. மாடு போன வீட்டில் மறுநாள் பால் விற்ற காசு வராது. அக்காசில் படித்தவன் நான்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு ஆடுகளும் ஒரு கிடாரியும் உள்ளன. வைக்கோற்போரைத் தொழுவத்திலிருந்து தள்ளி, கல்லடுக்கின்மேல் ஏற்றியிருக்கின்றோம். அம்மா புல்லைக் கோலால் தட்டிவிட்டே அரிவாளை வைக்கின்றாள். எந்த மருந்துக்கடையில் நச்சுமுறி இருக்கின்றது, இரவில் திறந்திருப்பது எது என்று தந்தை விசாரித்து, தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்துள்ளார். சென்ற விடுமுறையில் பத்துக் குப்பிக் கணக்கை அம்மாவுக்குச் சொன்னேன். அவள் கேட்டாள்: “அப்ப ஆட்டுக்கு?” “அதே பத்துதான்மா” என்றேன். கிடாரியின் கழுத்தைத் தடவிக்கொண்டு சற்று நேரம் ஒன்றும் பேசாதிருந்தாள்.