விபத்துக்குக் காரணம் ஓட்டுநர் மட்டும்தானா?



பேருந்து ஒன்று புளியமரத்தில் மோதிவிட்டது என்று செய்தி வந்தால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "டிரைவர் தூங்கிவிட்டானா? குடித்திருந்தானா?" என்றுதான் கேட்கிறோம். அந்த வண்டியை வடிவமைத்தவர் யார், அதன் பிரேக்கைக் கடைசியாகச் சோதித்தவர் யார் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. நான் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள். ஆகையால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் அடிக்கடி எழும். இதே கேள்வியை அமெரிக்க நாட்டில் ஒருவர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் ஒரு நூலும் எழுதினார். அந்நாட்டுச் சட்டம் மாறுவதற்கு அந்நூல் ஒரு பெருங் காரணமாயிற்று. அவர் பெயர் ரால்ஃப் நேடர். நூலக வகுப்பில் சிஸ்டர் அவரைப் பற்றிச் சொல்லி, அந்நூலின் சில பகுதிகளைப் படித்தும் விளக்கினார்கள். மீதியை அகராதியின் துணையோடு நானே தட்டுத் தடுமாறிப் படித்தேன்.

நேடர் 1934-ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வின்ஸ்டெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் லெபனான் நாட்டிலிருந்து குடியேறியவர்கள். தந்தை உணவுக் கடை நடத்தினார். பள்ளி விட்டு வரும் மகனிடம் அவர், இன்று நம்பக் கற்றாயா, சிந்திக்கக் கற்றாயா என்று கேட்பாராம். (எங்கள் வீட்டில் "டெஸ்ட் மார்க் வந்ததா?" என்பதுதான் கேள்வி!) தாயார் ரோஸ் அம்மையாரைப் பற்றிய செய்தி இதைவிட எனக்குப் பிடித்தது. 1955-ல் வின்ஸ்டெட் ஊரைப் பெருவெள்ளம் அழித்தது. பிறகு அவ்வூருக்கு வந்த செனட்டர் பிரெஸ்காட் புஷ் என்பவரோடு கைகுலுக்கிய அந்த அம்மையார், வெள்ளம் தடுக்கும் அணை கட்ட உதவுவதாக அவர் வாக்களிக்கும்வரை பிடித்த கையை விடவே இல்லையாம். அணையும் பின்னர் கட்டப்பட்டது. லூக்கா நற்செய்தியில், நீதிபதியை விடாமல் தொந்தரவு செய்து நீதி பெற்ற கைம்பெண்ணின் உவமை வருகிறதல்லவா? அதைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். இந்தக் குடும்ப வரலாற்றையெல்லாம் நேடர் "செவன்டீன் டிரெடிஷன்ஸ்" என்ற நூலில் 2007-ல் எழுதினார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற அவர், 1965-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட நூல்தான் "அன்சேஃப் அட் எனி ஸ்பீட்". எந்த வேகத்தில் சென்றாலும் ஆபத்தே என்பது அதன் பொருள். அமெரிக்கக் கார்களின் அமைப்பிலேயே ஆபத்து கலந்திருக்கிறது என்பதே நூலின் வாதம். அக்காலத்தில் அந்நாட்டின் சாலைகளில் இறந்தவர் எண்ணிக்கையைக் கேட்டால் நெஞ்சு நடுங்கும். 1966 என்ற ஒரே ஆண்டில் 50,000 பேருக்கு மேல் மாண்டனர்.

நூலின் முதல் இயல் செவ்ரோலே கார்வேர் என்ற காரைப் பற்றியது. அதைச் செய்தது ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் மாபெரும் நிறுவனம். அக்காரின் என்ஜின் பின்பக்கம் இருந்தது. அதனால் பாரமும் பின்பக்கமே அதிகம். 1960 முதல் 1963 வரை வந்த வண்டிகளில் பின் அச்சின் அமைப்பு எப்படிப்பட்டதென்றால், வளைவில் வேகமாகத் திரும்பும்போது பின் சக்கரம் உள்நோக்கி மடங்கி, வண்டி கட்டுப்பாட்டை இழக்கக்கூடும். சாய்வைக் குறைக்கும் இரும்புக் கம்பி ஒன்றை முன்பக்கம் பொருத்தினால் நிலைமை சீராகும். செலவைக் கருதி அதை விட்டுவிட்டார்கள் என்கிறார் நேடர். அதற்குப் பதிலாக, முன் டயரில் 15 பவுண்டு காற்றும் பின் டயரில் 26 பவுண்டு காற்றும் வைக்கவேண்டும் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "முன்னுக்குப் பதினைந்தா? காற்றடிக்கிற கடையில் இதை யாரம்மா கவனித்து அடிப்பான்? நாலு டயருக்கும் ஒரே அளவாக அடித்து அனுப்பிவிடுவான்" என்றார். நேடர் கூறுவதும் அதுதான். உயிர் காக்கும் பொறுப்பை நிறுவனம் தன் தோளிலிருந்து இறக்கி, ஒன்றும் அறியாத வாடிக்கையாளர் தலையில் வைத்துவிட்டது. 1964-ஆம் ஆண்டு வண்டியில் அந்தக் கம்பி சேர்க்கப்பட்டது. 1965-ல் பின் அச்சின் அமைப்பே மாற்றப்பட்டது.

என்னை மிகவும் கவர்ந்தது "இரண்டாவது மோதல்" என்னும் கருத்து. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் முதல் அலகே இயக்க விதிகள்தானே! ஓடும் பொருள், புறவிசை தடுக்காதவரை ஓடிக்கொண்டேயிருக்கும் என்று நிலைமத்தைப் படித்து மனப்பாடமும் செய்திருக்கிறோம். கார் மரத்தில் மோதுவது முதல் மோதல். கார் நின்றுவிடுகிறது, ஆனால் உள்ளே இருப்பவரின் உடல் நிற்பதில்லை. அது அதே வேகத்தில் சென்று ஸ்டியரிங் தண்டிலும் முன்பலகையிலும் கண்ணாடியிலும் மோதுகிறது. இது இரண்டாவது மோதல். இதுதான் ஆளைக் கொல்வது. முதல் மோதலுக்கு ஓட்டுநர் காரணமாக இருக்கலாம், சாலை காரணமாக இருக்கலாம், குறுக்கே வந்த மாடும் காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது மோதலில் நெஞ்சில் குத்துவது கூரிய குமிழா, மென்மையான மெத்தையா என்று தீர்மானித்தவர் வண்டியைச் செய்தவரே. கணத்தாக்கு என்ற பாடத்தில், மோதும் நேரம் நீண்டால் விசை குறையும் என்று படித்தோம். அந்தச் சிறு பாடம் எத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது என்று எண்ணும்போது, கணக்குப் போட்டு மார்க் வாங்குவதற்கு மட்டும் அதைப் படித்தது எனக்கு வெட்கமாக இருந்தது.

இதெல்லாம் நேடர் கண்டுபிடித்த அறிவியல் அன்று. ஹியூ டெஹேவன் என்பவர் 1917-ல் விமான விபத்தில் உயிர் தப்பியவர். தான் எப்படிப் பிழைத்தோம் என்று யோசித்து, மோதலில் உடல் எவ்வாறு காயமுறுகிறது என்பதை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டார். இன்று நாம் காணும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-லேயே வால்வோ நிறுவனம் தன் கார்களில் பொருத்தத் தொடங்கிவிட்டது. அறிவு இருந்தது, பயன்படுத்தத்தான் மனமில்லை. ஆண்டுதோறும் காரின் அழகை மாற்றுவதற்காக வாங்குபவர் தலையில் ஏறும் செலவு கார் ஒன்றுக்கு 700 டாலர் அளவு, பாதுகாப்புக்கு நிறுவனங்கள் செலவிட்டதோ சராசரி 23 சென்ட் என்று நேடர் கணக்குக் காட்டுகிறார். விபத்து என்றாலே ஓட்டுநரைத் திருத்து, சாலையைத் திருத்து, காவலரை நிறுத்து என்று பேசிப் பேசியே வண்டியின் மேல் யாருடைய கண்ணும் படாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

நிறுவனம் சும்மா இருக்குமா? அவர் எழுதியது தவறென்று காட்டுவதை விட்டு, அவருடைய நடத்தையில் ஏதாவது குற்றம் கிடைக்குமா என்று தேடத் தனியார் துப்பறிவாளர்களை ஏவியது. அவர்கள் அவரைப் பின்தொடர்ந்தனர். வேலைக்கு எடுக்க விசாரிப்பதுபோல அவருடைய நண்பர்களைத் துருவினர். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. செய்தி வெளியாகிவிட்டது. 1966 மார்ச் 22-ஆம் நாள் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஜேம்ஸ் ரோச், செனட் துணைக்குழுவின் முன் அமர்ந்து பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதன்பின் நூல் பரபரப்பாக விற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 9-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். 1968 முதல் புதிய கார்களில் சீட் பெல்ட் கட்டாயமாயிற்று. தனி வாழ்வில் தலையிட்டதற்காக நேடர் தொடுத்த வழக்கு 1970-ல் சமரசமாக முடிந்து 4,25,000 டாலர் கிடைத்தது. அப்பணத்தை அவர் நுகர்வோர் பணிக்கே செலவிட்டார். காரை எதிர்த்து எழுதியவருக்குக் கார் நிறுவனமே பணி நடத்தப் பணம் கொடுத்த கதை இது!

நியாயமாக எழுதவேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்லவேண்டும. 1972-ல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, கார்வேர் அக்காலத்து மற்ற கார்களைவிட மோசமானதன்று என்று கூறியது. நேடர் அதை ஏற்கவில்லை. எனக்குத் தோன்றுவது: ஒரு காரைப் பற்றி அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டாவது மோதலைப் பற்றிய அவருடைய வாதத்தை எந்த அறிக்கையும் தகர்க்கவில்லை. மற்ற கார்களும் அப்படித்தான் என்பது ஒரு சமாதானமா?

அவர் தனியாகவும் பிறருடன் சேர்ந்தும் எழுதிய நூல்கள் பல. மாணவர்களுக்கென்று டொனால்ட் ராஸ் என்பவருடன் 1971-ல் எழுதிய கையேடு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் சிறுதொகை கொடுத்தால், அப்பணத்தில் வழக்கறிஞரையும் விஞ்ஞானியையும் அமர்த்திப் பொதுநலப் பணி செய்யலாம் என்பது அதன் யோசனை. ஆரிகன், மின்னசோட்டா மாநிலங்களில் அத்தகைய குழுக்கள் உடனே தோன்றின. 1976-ல் மார்க் கிரீன், ஜோயல் செலிக்மன் ஆகியோருடன் பெரு நிறுவனங்களை அடக்குவது பற்றி எழுதினார். அமெரிக்காவில் நிறுவனங்கள் பதிவு பெறுவது மாநில அரசிடம். எந்த மாநிலம் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறதோ அங்கே ஓடிப் பதிவு செய்துகொள்கின்றன. டெலவேர் என்ற சின்னஞ்சிறு மாநிலம் இதற்குப் பேர்போனது. ஆகவே மிகப் பெரிய நிறுவனங்களுக்கு மத்திய அரசே உரிமம் தரவேண்டும் என்றார்கள். அது சட்டமாகவில்லை. இந்நூல் எனக்குப் பாதிதான் புரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நன்றாகப் புரிந்தது 1972-ல் வந்த "விசில் புளோயிங்" என்ற நூலின் கருத்து. தான் வேலை செய்யும் இடத்தில் பொதுமக்களுக்கு ஆபத்தான காரியம் நடப்பதைக் காணும் ஊழியர் என்ன செய்வது? வாயைத் திறந்தால் வேலை போய்விடும், மூடிக்கொண்டாலோ யாரோ ஒருவர் சாவார். அப்படித் துணிந்து சொல்பவரைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து.

ஏன் புரிந்தது என்றால், நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது அப்பா ஓட்டிய தனியார் பேருந்து பாலத்துச் சுவரில் மோதியது. யாரும் இறக்கவில்லை. கண்டக்டர் மாமாவுக்குக் கை முறிந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று அப்பா அதற்கு முந்தின வாரமே இருமுறை வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். விசாரணையில் "எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை" என்றார்கள். அப்பாவிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தார். அந்த ஆறு மாதமும் தெருவில் எல்லோரும் கேட்டது அதே முதல் கேள்விதான்.

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24-ல் நிறைவேறியது. பிறகு 2019-ல் புதிய சட்டம் வந்தது. குறையுள்ள பொருளுக்குச் செய்தவரே பொறுப்பு என்பது அதில் தனி அத்தியாயமாக இருக்கிறது. வாங்குபவருக்கு வழி பிறந்தது. பிறர் வாங்கிய வண்டியைக் கூலிக்கு ஓட்டுபவருக்கு அந்தச் சட்டத்தில் இடம் எங்கே என்று சிஸ்டரிடம் கேட்டேன். "நல்ல கேள்வி, நீயே தேடு" என்று சொல்லிவிட்டார்கள். தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அப்பா வேறொரு முதலாளியிடம் ஓட்டுகிறார். நூலைப் பற்றி நான் சொன்ன பிறகு, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிரேக், டயர், விளக்கு எதில் குறை இருந்தாலும் தேதி போட்டு அதில் எழுதுகிறார். கார்பன் தாள் வைத்து நகல் எடுத்துத் தருவது என் வேலை. முதல் முறை ஷெட்டில் கையெழுத்துப் போட மறுத்து, "என்ன டிரைவரே, கோர்ட்டுக்குப் போகப்போகிறாயா?" என்று கேலி செய்தார்களாம். அப்பா நோட்டை நீட்டியபடியே நின்றிருக்கிறார். இதுவரை பதினோரு பக்கம் எழுதியாகிவிட்டது. ஏழில் கையெழுத்து இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி